அமெரிக்க அரசாங்கம் எப்படி நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்கள், அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பெற்றோர், ஊரில் செய்தி பார்த்துவிட்டு "அதிபரே கையெழுத்துப் போட்டும் நடக்கலையாமே, ஏன்?" என்று போன் செய்யும் சொந்தக்காரர்கள். இவர்களெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்சி எப்போதும் நல்லவர் கைக்குத்தான் போகும் என்ற நம்பிக்கையில் அமெரிக்க அரசியல் சாசனம் எழுதப்படவில்லை. யார் கைக்குப் போனாலும் முழுசாகப் போய்விடக் கூடாது என்ற பயத்தில் எழுதப்பட்டது. கீழே வரும் பல பதில்களுக்கு அந்தப் பயம்தான் வேர்.

அமெரிக்காவின் "காங்கிரஸ்" ஒரு கட்சியா?

இல்லை, நாடாளுமன்றத்தின் பெயர்தான் அது. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட் என்று இரண்டு அவைகள். பிரதிநிதிகளுக்கு இரண்டு ஆண்டு, செனட்டர்களுக்கு ஆறு ஆண்டு பதவிக்காலம். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டையும் பற்றிச் சொல்லாமலேயே சாசனம் எழுதப்பட்டது. கட்சி என்ற ஒன்றையே அதில் காண முடியாது.

சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சாசனமும் ஒன்றுதானா?

வேறு வேறு. பிரகடனம் 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்டது. அதன் வரைவைப் பெரும்பாலும் எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். பிரிட்டிஷ் மன்னரை விட்டு ஏன் பிரிகிறோம் என்று உலகத்துக்குக் காரணம் சொல்லும் ஆவணம் அது. பிரிந்த பிறகு எப்படி ஆள்வது என்று சொல்வது சாசனம். அது 1787இல், 11 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது.

அந்த 11 ஆண்டுகள் நாடு எப்படி நடந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் சாசனம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கான பதில் இங்கேதான் கிடக்கிறது.

1781இல் "கூட்டமைப்பு விதிகள்" நடைமுறைக்கு வந்தன. மன்னரிடம் பட்ட அடி மறக்காததால், மைய அரசுக்கு அநேகமாக எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. அதிபர் கிடையாது. தேசிய நீதிமன்ற அமைப்பு கிடையாது. வரி போடும் உரிமையும் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விதியைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். போர்க்கடனை அடைக்க, இறக்குமதிப் பொருள்கள்மீது 5 சதவீத வரி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இருப்பதிலேயே சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட் முடியாது என்றது. அதோடு அந்த யோசனை முடிந்தது.

அப்புறம் 1786இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். அவர்களில் பலர் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்கள். போரில் உழைத்த சம்பளம் ஒழுங்காக வந்து சேரவில்லை. வரியும் கடனும் மட்டும் ரொக்கக் காசாக வேண்டும் என்றது மாநில அரசு. கட்ட முடியாதவர்களின் நிலம் நீதிமன்றம் வழியாக ஏலத்துக்குப் போனது. முன்னாள் படைத்தலைவர் டேனியல் ஷேய்ஸ் போன்றவர்களின் தலைமையில் அவர்கள் நீதிமன்றங்களைத் திறக்கவிடாமல் மறித்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தபோது பீரங்கி சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை அடக்க மைய அரசிடம் பணமும் இல்லை, படையும் இல்லை. வியாபாரிகள் கொடுத்த பணத்தில் மாநிலமே படை திரட்டியது.

நான் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த விவசாயிகள் பக்கம்தான் மனசு போகும். ஆனால் சொத்துள்ளவர்களும் தலைவர்களும் இதைப் பார்த்துப் பதறிப்போனார்கள். சில மாதங்களிலேயே ஃபிலடெல்ஃபியாவில் மாநாடு கூடியது. மைய அரசு இவ்வளவு பலவீனமாக இருக்கவும் கூடாது, மன்னரைப் போல ஆகிவிடவும் கூடாது. இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில் எழுதப்பட்டதுதான் சாசனம்.

அந்த மாநாட்டில் என்ன நடந்தது?

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை நடந்தது. தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். வந்து போனவர்கள் 55 பேர். கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பேசுவது வெளியே போகக் கூடாது என்று கோடை வெயிலிலும் ஜன்னல்களைச் சாத்திவைத்துப் பேசினார்கள். உள்ளே நடந்தது இன்று நமக்குத் தெரிவதற்கு, ஜேம்ஸ் மேடிசன் நாள் தவறாமல் எடுத்த குறிப்புகளே முக்கியக் காரணம்.

பெரிய சண்டை சீட்டுக் கணக்கில்தான். மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். எல்லோருக்கும் சமமாக வேண்டும் என்றன சின்ன மாநிலங்கள். ஜூலை 16 அன்று சமரசம் வந்தது: ஓர் அவை மக்கள்தொகைப்படி, இன்னோர் அவையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம். இன்று சுமார் 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள், 6 லட்சம்கூட எட்டாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள் என்றால் காரணம் அந்த ஜூலை மாத வாக்கெடுப்புதான்.

"மக்களாகிய நாங்கள்" என்று தொடங்கும் சாசனம் அடிமைகளைப் பற்றி என்ன சொன்னது?

"அடிமை" என்ற சொல்லையே 1787 சாசனம் எழுதவில்லை. ஆனால் அடிமைமுறையைக் காப்பாற்றியது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும்.

தென் மாநிலங்களுக்கு எத்தனை இடங்கள் என்று கணக்குப் போடும்போது, அடிமைப்படுத்தப்பட்டவர்களில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த மனிதர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கு அவர்களின் தலைக்கணக்கால் கூடுதல் இடம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. தப்பி ஓடியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு. "அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த அறைக்குள்ளேயே அதைக் கண்டித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். மேடிசனின் குறிப்புகளில் அது இருக்கிறது. தெரிந்தே எழுதினார்கள்.

1857இல், டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் மூன்று திருத்தங்கள் வந்தன. 13ஆவது (1865) அடிமைமுறையை ஒழித்தது. 14ஆவது (1868) அந்நாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பும் தந்தது. 15ஆவது (1870) இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது. எழுத்தில் வந்துவிட்டதே தவிர, தென் மாநிலங்கள் ஓட்டுப்போடத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று ஒவ்வொரு தடையாக வைத்துக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1965இல் ஓட்டுரிமைச் சட்டம் வந்துதான் அந்த நிலை பெரிய அளவில் மாறியது. 15ஆவது திருத்தத்துக்கும் இதற்கும் நடுவில் 95 ஆண்டுகள்.

அதிபர் நினைத்தால் எதையும் செய்யலாமா?

முடியாது. முடிந்த மாதிரி அடிக்கடி தோன்றும், அவ்வளவுதான்.

நல்ல உதாரணம் 1952. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது. ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். இப்படிச் செய்ய காங்கிரஸ் அவருக்கு அனுமதி தரவில்லை. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் ஆணை செல்லாது என்றது. போர்க்காலத்து அதிபர், முப்படைத் தலைவர். நீதிமன்றத்திடம் ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. இருந்தும் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தமும் நடந்தது.

1974இல் அதிபர் நிக்சனுக்கும் இதேதான். வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக, வெள்ளை மாளிகைப் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று 8க்கு 0 தீர்ப்பு. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் அவரே நியமித்த நீதிபதிகள். சுமார் இரண்டே வாரத்தில் நிக்சன் ராஜினாமா செய்தார்.

சட்டம் இயற்றுவது காங்கிரஸ். அதிபர் மசோதாவை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம், அதாவது வீட்டோ செய்யலாம்; இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் வீட்டோவையும் மீறலாம். அமைச்சர்கள், நீதிபதிகள், தூதர்கள் நியமனத்துக்குச் செனட்டின் சம்மதம் வேண்டும். அதிபர் போடும் நிர்வாக ஆணை, ஏற்கெனவே உள்ள சட்டத்துக்கும் சாசனத்துக்கும் உள்ளே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் யாராவது வழக்குப் போடுவார்கள். செய்திகளில் "அதிபரின் ஆணைக்கு நீதிபதி தடை" என்று வருவது இப்படித்தான்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அதிபரை இறக்கலாமா?

அப்படி ஒன்று அங்கே இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது காங்கிரஸ் அல்லவே. அதனால் பெரும்பான்மை போனாலும் பதவி போகாது. அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவும் முடியாது.

பெரும் குற்றம் செய்தால் பதவிநீக்க விசாரணை உண்டு. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், நீக்குவதற்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் (1868), கிளின்டன் (1998), டிரம்ப் (2019, 2021) மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரும் நீக்கப்படவில்லை. ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார்.

துணை அதிபருக்கு என்ன வேலை?

செனட்டுக்குத் தலைமை, ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் தன் ஓட்டைப் போடலாம். இதைப் பெரும்பாலும் பேருக்கு ஒரு வேலை என்பார்கள். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் தன் நான்கு ஆண்டுகளில் 33 முறை அப்படி ஓட்டுப் போட்டார். வேறெந்தத் துணை அதிபரும் அத்தனை முறை போட்டதில்லை.

அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்கிறார்?

அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, மாநிலங்களிலிருந்து வரும் வாக்காளர் குழு (எலெக்டோரல் காலேஜ்). மொத்தம் 538 பேர்: பிரதிநிதிகள் எண்ணிக்கை 435, செனட்டர்கள் எண்ணிக்கை 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. ஜெயிக்க 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களில், மக்களிடம் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் குழு ஓட்டுகள் முழுவதும் அவருக்கே. 2000இல் ஃபுளோரிடா முடிவானது 537 ஓட்டில். நாடு முழுக்க அல் கோர்தான் முன்னிலை, அதிபரானவர் புஷ். 2016இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார்.

சின்ன மாநிலங்களுக்குக் குரல் வேண்டும் என்பதற்குத்தான் செனட் இருக்கிறது. அதே கணக்கை அதிபர் தேர்தலிலும் சேர்ப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மாற்ற வேண்டுமென்றால், இந்த முறையால் பயன்பெறும் மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும்.

சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது?

சாசனத்தில் தேடினால் வெளிப்படையாகக் கிடைக்காது. 1803இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய ஒரு தீர்ப்பில் பிறந்தது.

கதை இதுதான். தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவி முடியும் கடைசி நாட்களில் தன் ஆட்களை அவசர அவசரமாகப் பதவிகளில் போட்டார். அவர்களில் வில்லியம் மார்பரி உள்ளிட்ட சிலரின் நியமனக் கடிதங்கள் மேஜையிலேயே நின்றுவிட்டன. புதிய அதிபர் ஜெஃபர்சன் கொடுக்க மாட்டேன் என்றார். மார்பரி உச்ச நீதிமன்றம் போனார். மார்ஷலுக்குத் தர்மசங்கடம். கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் மதிக்காமல் போகலாம். விட்டுவிட்டால் நீதிமன்றம் பயந்துவிட்டது என்றாகும். அவர் சொன்னது: மார்பரிக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த உத்தரவை நேரடியாகப் போட எங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டப் பிரிவே சாசனத்துக்கு முரணானது. அதனால் அது செல்லாது. மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை. கையில் இருந்த சின்ன அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, காங்கிரஸ் போட்ட சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

இதன் சூடு நம் ஊர் வரை வந்தது. 1947இல் இந்திய அரசமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். "உரிய சட்ட முறை" என்ற அமெரிக்கச் சொற்றொடரைச் சேர்த்தால் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் போய்விடும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். அதனால் இந்திய அரசமைப்பின் 21ஆவது பிரிவில் "சட்டம் நிறுவிய நடைமுறை" என்று, அதாவது சட்டத்தில் உள்ளபடி நடந்தால் போதும் என்று படிக்கும்படி, எழுதப்பட்டது. 1950இல், சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தோற்றதற்கு அந்தச் சொல்மாற்றம் பெரிய காரணம். 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று இந்திய நீதிமன்றம் திசை திரும்பியது.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர்தான் இருக்க வேண்டுமா?

சாசனம் எண்ணிக்கை சொல்லவில்லை. முதலில் ஆறு பேர். 1869 முதல் ஒன்பது. காங்கிரஸ் சட்டம் போட்டு மாற்றலாம். பதவி ஆயுள் முழுவதும்.

மாநிலங்களுக்கு எவ்வளவு அதிகாரம்?

நாம் நினைப்பதைவிட அதிகம். மைய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலத்துக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 10ஆவது திருத்தம். கல்யாணம், பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், போலீஸ், பெரும்பாலான குற்றச் சட்டங்கள் எல்லாம் மாநிலத்தின் கையில். அதனால்தான் மரண தண்டனை ஒரு மாநிலத்தில் உண்டு, பக்கத்து மாநிலத்தில் இல்லை. கவர்னர் என்ற சொல்லால் குழம்பிவிடாதீர்கள். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். வாஷிங்டன் அனுப்பும் ஆள் இல்லை.

"ஷட்டவுன்" என்கிறார்களே, அரசாங்கத்தையே எப்படி மூட முடியும்?

சட்டம் போட்டு ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது என்கிறது சாசனம். ஒதுக்கீட்டு மசோதாவில் காங்கிரசும் அதிபரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நின்றுவிடும். அவசர வேலை செய்பவர்கள் சம்பளமில்லாமல் வருவார்கள், மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். 2018–19இல் 35 நாள். 2025இல் 43 நாள். அதிகாரத்தைப் பிரித்துவைத்ததற்குக் கொடுக்கும் விலை இது. சம்பளத்தை நம்பி வாடகை கட்டுபவர்கள்தான் அந்த விலையைக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

நான் குடிமகன் இல்லை, விசாவில் இருக்கிறேன். சாசனம் எனக்கும் பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். 14ஆவது திருத்தம் சமப் பாதுகாப்பை "குடிமகன்" என்று சொல்லித் தரவில்லை. "எந்த நபருக்கும்" என்று தருகிறது. அந்த ஒரு சொல்லின் பலம் சான் ஃபிரான்சிஸ்கோவில் தெரிந்தது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை வைக்க நகர சபை அனுமதி வேண்டும் என்று 1880இல் ஒரு விதி வந்தது. பார்க்க எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனர் அல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 22 ஆண்டுகளாகச் சலவை செய்துவந்த ஒரு சீனர், 10 டாலர் அபராதம் கட்டாமல் ஜெயிலுக்குப் போனார். யிக் வோ வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 1886இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை.

அதே ஊரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், அங்கே பிறந்ததாலேயே குடிமகன் என்று 1898இல் தீர்ப்பு வந்தது. தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஆணை போட்டபோது, கீழ் நீதிமன்றங்கள் நிறுத்திவைத்ததற்கு அடிப்படை 14ஆவது திருத்தமும் இந்தத் தீர்ப்பும்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது மட்டும் குடிமக்களுக்கே. கிரீன் கார்டு இருந்தாலும் போடக் கூடாது. போட்டால் நாடுகடத்தல் வரை போகலாம்.

பேச்சுரிமை இருக்கிறதே, பதிவு போட்டதற்காகக் கம்பெனி எப்படி வேலையை விட்டு எடுக்கலாம்?

முதல் திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளியை அது தடுக்காது. மற்றபடி அரசுக்கு எதிராக அந்த உரிமை மிகப் பெரியது. தேசியக் கொடியை எரித்ததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

என் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. குடியுரிமைத் தேர்வைத் தமிழில் எழுதலாமா?

அரசாங்கம், வரலாறு பற்றிய பகுதி எழுதும் தேர்வு இல்லை, வாய்மொழியாகக் கேட்பது. வயது 50 ஆகி, கிரீன் கார்டில் 20 ஆண்டுகள் இருந்தவர்களுக்கும், வயது 55 ஆகி, கிரீன் கார்டில் 15 ஆண்டுகள் இருந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியல். 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். வயது 65 ஆகி, கிரீன் கார்டில் 20 ஆண்டுகள் இருந்தவர்களுக்குச் சின்னப் பட்டியல் போதும்.

சாசனத்தை மாற்றுவது எவ்வளவு கஷ்டம்?

இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50 மாநிலங்களில் 38. இதுவரை 27 திருத்தங்கள்தான். முதல் பத்தும் 1791இல் ஒன்றாக வந்த உரிமைப் பட்டியல். மதுவிலக்கு 18ஆவதாக வந்து, 1933இல் 21ஆவதால் போனது.

பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த 19ஆவது, 1920இல் டென்னசி சட்டசபையில் ஒரே ஓட்டில் தொங்கியது. எதிர்ப்பார் என்று எண்ணப்பட்ட 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் ஆதரித்து ஓட்டுப் போட்டார். ஆதரித்துப் போடச் சொல்லி அம்மா எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

27ஆவது இன்னும் விசேஷம். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குச் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வரும் என்பது அது. மேடிசன் 1789இல் முன்மொழிந்தார். போதிய மாநிலங்கள் சேராமல் கிடந்தது. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அதற்குக் கெடு எதுவும் இல்லாததால் இன்னும் நிறைவேற்றலாம் என்று கட்டுரை எழுதினார். "சி" மதிப்பெண் கிடைத்தது. அவர் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992இல் திருத்தம் நிறைவேறியது. 2017இல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை "ஏ" என்று மாற்றியது.